‘ரெண்டாவது ரிங்கில் எடுத்துவிடுகிறான்’

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். என் மகனுக்கு 24 வயது. பிராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தினமும் என்2 நெடுஞ்சாலையில்தான் போய் வருகிறான். வண்டி ஓட்டும்போதும் போனை விடுவதில்லை. சொன்னால், “ஹேண்ட்ஸ்ஃப்ரீதானே அம்மா, சட்டமே ஒத்துக்கொள்கிறது” என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் சண்டையில் முடிகிறது. பயம் தாங்காமல் அவன் வரும் வழியில் நானே ஒரு தரம் கூப்பிட்டுப் பார்ப்பேன். ரெண்டாவது ரிங்கில் எடுத்துவிடுகிறான், அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். காலையில் மகள்வழிப் பேத்தியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவளும் நான்தான். ரோட்டில் பலர் மடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். வீட்டில் என் அப்பா இதய நோயாளி. அவசரம் என்றால் மகனைத்தானே கூப்பிட வேண்டும்? நான் என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கேட்டது மகனைப் பற்றி. ஆனால் நான் முதலில் உங்கள் போனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மனம் நோகாமல் கேளுங்கள்.

ரெண்டாவது ரிங்கில் எடுத்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரெண்டு ரிங்குக்குள் வண்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் ஐந்தரை மணி. என்2-வில் வடக்கே வந்துகொண்டிருக்கிறான். என்3 வந்து சேரும் அந்த ஸ்பகெட்டி ஜங்ஷன் பக்கம். துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம், இடது லேனிலிருந்து சட்டென்று நுழையும் டாக்சி இன்னொரு பக்கம். எல்லாரும் யாருக்குப் பின்னால் ஒதுங்குவது என்று தேடுகிற இடம் அது. போன் அடிக்கிறது. யார் என்று பார்க்க அவன் கண் திரைக்குப் போகிறது. ‘அம்மா’ என்று இருக்கிறது. அம்மா என்றால் எடுக்காமல் இருக்க முடியுமா? தாத்தாவுக்கு ஏதாவதோ என்று நெஞ்சு ஒரு அடி அடிக்கும். கை போகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. திரையைப் பார்த்து, பெயரைப் படித்து, பொத்தானை அழுத்தி, மறுபடி ரோட்டுக்குக் கண்ணைக் கொண்டுவர மூன்று வினாடி என்று வைத்தாலும் 80 மீட்டருக்கு மேல். அத்தனை தூரத்தையும் அவன் பாதி பார்த்தும் பாதி பாராமலும்தான் கடக்கிறான்.

அவன் குரல் கேட்டதும் உங்களுக்கு மூச்சு வருகிறது. அந்தக் கணத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பது மட்டும்தான் அதனால் தெரிகிறது. அடுத்த கணத்தை ஆபத்தாக்குவது அதே அழைப்பு. நீங்கள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். என் வீட்டிலும் வருடக்கணக்காக இதுதான் நடந்தது.

சரி, இப்போது அவன் சொல்லும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ விஷயத்துக்கு வருவோம். சட்டம் பற்றி அவன் சொல்வது சரிதான். நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 308ஏ என்று ஒன்று இருக்கிறது. ஓட்டும்போது போனை ஒரு கையிலோ இரண்டு கையிலோ உடம்பின் வேறு எந்தப் பாகத்திலோ பிடிக்கக் கூடாது என்கிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவதும் அதில் மாட்டும். வண்டியில் பொருத்தியிருந்தாலோ தலையில் மாட்டியிருந்தாலோ பேசலாம். கேப் டவுன் மாநகராட்சி இன்னும் கடுமை, கையில் பிடித்துப் பேசினால் போனையே பறித்து 24 மணி நேரமாவது வைத்துக்கொள்ளும். ஆனால் இதெல்லாம் கையைப் பற்றிய சட்டம். மெட்ரோ போலீஸால் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடிவது கையை மட்டும்தான். ஓட்டுகிறவன் மனம் எங்கே இருக்கிறது என்று எந்தப் போலீஸும் எட்டிப் பார்க்க முடியாது.

சாட்ஸ்வொர்த்தில் 28 வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். லைசென்ஸ் பரீட்சைக்கு முந்திய வாரம் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைப்பேன். ஆளில்லாத மைதானத்தில் கூம்பு வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்து ஓட்டச் சொல்வேன். முதல் தடவை எல்லாரும் சுத்தமாக ஓட்டுவார்கள். அப்புறம் என் தம்பி மகன் மைதானத்து ஓரத்திலிருந்து அந்தப் பிள்ளையின் போனுக்குக் கூப்பிடுவான், ஸ்பீக்கரில். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்கும். “உங்கள் பாட்டி வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்” என்று கேட்பான். பிள்ளை சொல்ல ஆரம்பிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத்தான் கவனிப்பேன். கண் நேராகத்தான் இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். கண்ணாடியைப் பார்ப்பது நின்றுபோகும். சில வினாடிக்கு ஒருதரம் கண்ணாடி பார், திரும்புமுன் தோளுக்கு மேலே பார் என்று மாதக்கணக்கில் ஊட்டிய கே53 லைசென்ஸ் பரீட்சைப் பழக்கம் முழுக்கக் கழன்றுவிடும். கூம்பைத் தட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கடைசித் திருப்பத்தில் என் மனைவி சிவப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் கேட்பேன், “அங்கே நின்றது யார்?” பாதிப் பேர் “எங்கே?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். குடை இருந்த திசையில்தான் கண் இருந்தது. மனத்துக்குள் பாட்டி வீட்டுத் தெரு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கே ஒருநாள் இது நடந்தது. காதில் மாட்டும் கருவி வாங்கிய புதிது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் டிரைவில் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் பேசினார். காவடிக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது, பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று கணக்கு. நான் மனத்துக்குள் ஆள் எண்ணிக்கொண்டே போனேன். ரோபோ, அதாவது சிக்னல் விளக்கு, சிவப்பில் இருந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டேன். நடைபாதை ஓரத்தில் ஒரு காலை ரோட்டில் வைத்த ஒரு வயதான அம்மா காலை மேலே இழுத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். கையிலிருந்த கடைப் பை விழுந்து வெங்காயம் உருண்டது. நிறுத்தி, இறங்கிப் போய், அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு பேருக்கும் கை நடுங்கியது. சிவப்பை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, கண்ணுக்கு நேரே இருந்தது. அது எனக்குள் வந்து சேரவில்லை. அன்றிலிருந்து ஓடும் வண்டியில் நான் போன் எடுப்பதில்லை, எந்தக் கருவி இருந்தாலும்.

ஆராய்ச்சிக்காரர்கள் இதை முன்பே சொல்லிவிட்டார்கள். கனடாவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், செல்போனில் பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்று கண்டார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ போன் வைத்திருந்தவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 2015-ல் இன்னொன்று பார்த்தார்கள். வண்டியோடும் போனோடும் வாயால் பேசி வேலை வாங்குகிற ஏற்பாடுகளில் சிலவற்றை உபயோகித்து முடித்த பிறகும் 27 வினாடி வரை ஓட்டுநரின் கவனம் முழுசாகத் திரும்பவில்லை. ஃபீனிக்ஸில் ரோபோவில் நின்று ஒரு வாய்ச்செய்தி அனுப்பிவிட்டு, பச்சை விழுந்ததும் கிளம்புகிறவன் அடுத்த குறுக்குச் சாலையைத் தாண்டும்போதும் அரைகுறையாகத்தான் ஓட்டுகிறான் என்று அர்த்தம்.

“அப்படியென்றால் பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுவதும் ஆபத்துதானே?” என்று மகன் மடக்குவான். என்னிடம் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. லாரி முன்னால் வந்தால் பேச்சு தானாக நிற்கும், “பார்த்து, பார்த்து” என்பார். வீட்டில் அடுப்பங்கரையில் நின்று பேசுகிறவருக்கு லாரி தெரியாது. சரியாக அந்த நேரத்தில்தான் “பால் வாங்கிட்டு வர்றியா?” என்று கேட்போம், பதில் வராவிட்டால் “கேக்குதா?” என்று இன்னும் சத்தமாகக் கேட்போம்.

அதனால் தங்கச்சி, முதல் மாற்றம் உங்கள் பக்கத்திலிருந்து வரட்டும். அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தால் அவன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம், வண்டி நிற்கும்போது, சாவி ஆணியில் தொங்கும்போது பேசுங்கள். ஓடும் வண்டியில் வேண்டாம், அங்கே பேசுகிற சண்டையும் கவனச்சிதறல்தான். “நீ செய்வது தப்பு” என்று ஆரம்பிக்காதீர்கள். “நான் இத்தனை நாள் ரோட்டில் உன்னைக் கூப்பிட்டது தப்பு, இனிமேல் கூப்பிட மாட்டேன்” என்று ஆரம்பியுங்கள். அப்புறம் கேளுங்கள், கிளம்பும்போது ஒரு வார்த்தை அனுப்பு, வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு, நடுவில் நானும் கூப்பிட மாட்டேன், நீயும் எடுக்காதே. அவன் வழிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், நெரிசலில் ஒன்றேகால் ஆகலாம். முதல் வாரம் அந்த நேரம் முழுக்க உங்களுக்கு வயிறு பிசையும். பிசையட்டும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு விளக்கேற்றுங்கள், மாவு அரையுங்கள்.

வேறு யாராவது வண்டியிலிருந்து உங்களோடு பேசினாலும் இதையே செய்யுங்கள். “வண்டியிலயா இருக்க? வை, அப்புறம் பேசலாம்” என்று சொல்லி நீங்களே துண்டித்துவிடுங்கள். அக்கா தங்கச்சி, கோயில் கமிட்டி, யாராக இருந்தாலும் சரி. நம் வீடுகளில் போன் எடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. ஓட்டுகிறவனை இந்தக் கடமையிலிருந்து பெரியவர்கள்தான் விடுவிக்க முடியும்.

அவன் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போதைய போன்களில் ஓட்டும் நேரத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. வண்டி நகர்ந்ததும் மணி அடங்கிவிடும், செய்தி அனுப்புகிறவர்களுக்கு ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சேர்ந்ததும் பேசுகிறேன்’ என்று தானே பதில் போகும்படி வைக்கலாம். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தரம் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். அதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வையுங்கள். வழி காட்டும் வரைபடம் வேண்டுமென்றால் கிளம்புமுன் போட்டுவிடட்டும். பிறகு போன் டாஷ்போர்டில் இருக்கும் கப்பிஹோலுக்குள் போகட்டும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோபோவில் நிற்கும்போது போனில் மூழ்கியிருப்பவனைத்தான் கண்ணாடி உடைத்துப் பறிக்கிறவன் தேடுகிறான். இளைஞர்களுக்கு விபத்தைச் சொன்னால் ‘எனக்கு நடக்காது’ என்பார்கள். போன் பறிபோகும் என்றால் உடனே ஏறும். எது ஏறுகிறதோ அதைச் சொல்லுங்கள்.

அவசரமாகப் பேசியே ஆக வேண்டுமென்றால் ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்தக் கூடாது. வண்டி பழுதானால்தான் அந்த ஓரம், அங்கே நிற்பதே ஆபத்து. அடுத்த வழியில் இறங்கி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் கராஜில் நிறுத்திப் பேசட்டும். அவனோடு லிஃப்ட் கிளப்பில் ஒரே வண்டியில் சேர்ந்து வருகிறவர்கள் இருந்தால் போனை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அப்படித்தான், “கொடு, நான் பார்க்கிறேன்” என்று கையை நீட்டுங்கள். புத்தி சொல்வதைவிட அது வேலை செய்யும்.

பேத்தியோடு நடக்கிற விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. இந்த நாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 12,000 பேர் சாலையில் சாகிறார்கள், அதில் பத்துக்கு நாலு பேர் நடந்து போகிறவர்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லும் ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். கடக்கும்போது வண்டியைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவரின் முகத்தைப் பாருங்கள். அவர் தாடை கீழே இறங்கி, முகத்தில் கீழிருந்து வெளிச்சம் விழுகிறதென்றால் அவர் உங்களைப் பார்க்கவில்லை. வண்டி மெதுவாகிறது என்பதை நம்பாதீர்கள். செய்தி படிக்கிறவர்கள் தெரியாமலே வேகத்தைக் குறைப்பார்கள், முடிந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே அழுத்துவார்கள். கண்ணும் கண்ணும் சந்தித்து, அவர் தலையசைத்தால்தான் காலை வையுங்கள். பச்சை மனிதன் விழுந்ததும் உடனே இறங்காமல், எல்லா லேனிலும் வண்டி உண்மையாகவே நின்றதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும்படி வலது ஓரமாக நடங்கள், அப்போது தடுமாறி வருகிற வண்டி உங்கள் கண்ணில் படும், முதுகில் படாது. பிள்ளை உள்பக்கம், நீங்கள் ரோட்டுப் பக்கம். பேத்தியின் பையில் ஒளி பட்டால் மின்னுகிற பட்டை ஒன்று தைத்துவிடுங்கள், ஜூன், ஜூலைக் காலைகளில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வெளிச்சம் சரியாக இருக்காது. அந்தப் பதினைந்து நிமிடம் உங்கள் போனும் பைக்குள் இருக்கட்டும். பிள்ளை நம் வாயைவிட நம் கையைத்தான் பார்த்துக் கற்கும்.

நீங்களும் ஓட்டுவீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் பக்கி (பின்னால் திறந்த சின்ன டிரக்) லேனுக்குள்ளேயே மெல்ல இடதும் வலதுமாக மிதந்தால், காரணமில்லாமல் வேகம் ஏறி இறங்கினால், பச்சை விழுந்தும் நகராமல் நின்றால், அவன் கண் வேறெங்கோ இருக்கிறது. ஒட்டிப் போகாமல் மூன்று வினாடி இடைவெளியை ஐந்தாக்குங்கள். பக்கத்தில் போய் முறைத்துப் பார்க்கவோ, நெருங்கி ஹார்ன் அடிக்கவோ வேண்டாம், திடுக்கிட்டு உங்கள் மேலேயே திருப்புவான். வாய்ப்புக் கிடைத்ததும் நன்றாக விலகிக் கடந்து போய்விடுங்கள், அல்லது பின்தங்கிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. கடிதத்திலேயே கனமான வரி அதுதான். பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதல் அழைப்பு மகனுக்கு அல்ல, 10177-க்கு. செல்போனிலிருந்து 112-ம் கிடைக்கும். இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், அவருடைய மாத்திரைப் பெயர்களையும் அதன் கீழே எழுதுங்கள். அடுத்த அழைப்பு பக்கத்து வீட்டில் வண்டி உள்ளவருக்கு. அவரிடம் இன்றே பேசி வையுங்கள். என்2-வில் இருக்கிற பிள்ளையால் அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது.

இதெல்லாம் செய்துவிட்டு மகனைக் கூப்பிடுங்கள், இரண்டு தரம் அடுத்தடுத்து. அவன் எடுத்தால் தாத்தா பெயரையே சொல்லாதீர்கள். அழுகை வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். “அடுத்த கராஜில் நிறுத்து, நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அவன் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடும்போது விஷயத்தைச் சொல்லுங்கள். “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்பான். சொல்லுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.